ஆடி மாசத்துப் படிப்புக் கணக்கு

மாசம் முடிஞ்சாப் போதும், நீங்க எல்லாம் கணக்கு எழுத உக்காந்துக்கறீங்க. பால் கணக்கா? இல்லை. மளிகைக் கணக்கா? அதுவும் இல்லை. படிச்ச புத்தகத்துக் கணக்கு! நாவல் அஞ்சு, கட்டுரை மூணு, கவிதை ரெண்டு, வரலாறு ஒண்ணு, வாழ்க்கையில முன்னேற வழி சொல்றது மூணு. ஆக மொத்தம் பதினாலு. அடேங்கப்பா! ஏன் கண்ணு, இதுக்கு நடுவுல எப்பச் சோறு தின்னே? எப்பத் தூங்கினே?

என்ற மக வயித்துப் பேரன் ஒருத்தன் கோயமுத்தூர்ல கம்பெனி வேலையில இருக்கறான். ஆடி நோம்பிக்கு ஊருக்கு வந்தான். வந்தவன் செருப்பைக் கழட்டறதுக்கு முந்தி போனை எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டறான். "அப்புச்சி, இந்த மாசம் நான் படிச்சதைப் பாருங்க." பார்த்தேன். புத்தகத்தை அடுக்கி வெச்சு, பக்கத்துல ஒரு காப்பி டம்ளரு, மேல ஒரு செம்பருத்திப் பூவு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழ நட்சத்திரம். ஒண்ணுக்கு நாலு, ஒண்ணுக்கு மூணரை, ஒண்ணுக்கு நாலே கால்.

எனக்குத் தெரிஞ்சு நட்சத்திரம் 27. அதைப் பார்த்துச் சொல்றதுக்குச் சோசியக்காரன் இருக்கறான். இந்த நாலே கால் எந்தப் பஞ்சாங்கத்துல வருது? மிச்சம் முக்கால் நட்சத்திரம் எதுக்குடா கொறைச்சேன்னு கேட்டேன். "முடிவு சரியில்லீங்க அப்புச்சி"ங்கறான். என்னடா முடிவுன்னேன். தலையைச் சொறியறான். சரி, கதையில வர்ற அந்தப் பொம்பளை என்ன வேலைக்குப் போறா, அதையாச்சும் சொல்லுன்னேன். அதுக்கும் சொறியறான். பாவம், பதினாலு புத்தகம் படிச்ச தலை. அரிக்கத்தானே செய்யும்?

நான் எத்தனை படிச்சேன்னு யாரையும் கேக்கறதில்லை தம்பி. ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். படிச்சுப்போட்டு யாருகூடயாச்சும் சண்டை போட்டியா? வாய்ச்சண்டை போதும். ஊட்டுல, டீக்கடையில, பஸ்ஸுல, எங்கயாச்சும்? "அவன் செஞ்சது நாயமா, அவ செஞ்சது நாயமா"ன்னு நாலு வார்த்தை ஏறி எறங்குச்சா? இல்லைன்னா நீ புத்தகத்தைப் படிக்கலை கண்ணு. பக்கம் திருப்பியிருக்கறே. அதை ஃபேன் காத்தே பண்ணிப்போடும்.

எங்க அந்தியூருக்கு ஆடி மாசம்னா புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் நோம்பி. மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் ஒட்டுக்காக் கூடும். மார்வாரிங்கறாங்க, காட்டியவாரிங்கறாங்க, அது அதுக்கு ஒரு வெலை சொல்றாங்க. மலை மேல இருந்து பர்கூர் மாடு செவலையில வெள்ளைத் திட்டோட எறங்கி வரும். அதே ஆடி முடியறதுக்குள்ள ஈரோட்டுல புத்தகத் திருவிழா. மக்கள் சிந்தனைப் பேரவைக்காரங்க 2005ல ஆரம்பிச்சது. நான் ரெண்டுக்கும் போறவன். ரெண்டு எடத்துலயும் வாங்கறதை விட வேடிக்கை பார்க்கறதுதான் எச்சு.

குதிரை வாங்க வர்றவன் என்ன பண்றான்? வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கறான். சுழி எங்க இருக்குதுன்னு தடவறான். குளம்பைத் தூக்கறான். நடக்க விட்டு, ஓட விட்டு, திருப்பி நிறுத்திப் பார்க்கறான். அப்புறந்தான் துண்டுக்கடியில கையை விட்டு விரலைப் பிடிச்சு வெலை பேசறான். புத்தகம் வாங்க வர்ற நீ என்ன பண்றே? அட்டையைப் பார்க்கறே. பின்னால எழுத்தாளரு தாடையில கை வெச்சு யோசிக்கற படத்தைப் பார்க்கறே. பக்கத்துல நின்னு ஒரு போட்டோ. அவ்வளவுதான், ஏவாரம் முடிஞ்சுது. நடுவுல ஒரு பக்கத்தைப் பிரிச்சு, நின்ன வாக்குல பத்து வரி படிச்சுப் பாரேன். நடக்குதா நொண்டுதான்னு அங்கயே தெரிஞ்சுபோகும். பிடரி மசுரை மட்டும் பார்த்துக் குதிரை வாங்கினவன் நடந்துதான் ஊடு வந்து சேருவான்.

"சரிங்க அப்புச்சி, நீங்க என்ன படிச்சீங்க?"ன்னு பேரன் கேட்டான். கேட்டானல்லொ, சொல்லித்தானே ஆகோணும்.

மொதல்ல ராஜேஷ்குமார். அட, ஏன் மூஞ்சி சுளிக்கறே? நம்ம கோயமுத்தூர்க்காரரு. 1,500 நாவலுக்கு மேல எழுதிப்போட்டாரு. பஸ் ஸ்டாண்டு கடையில வாழைப்பழத்துக்கும் வாரப் பத்திரிகைக்கும் நடுவுல தொங்கும். அந்தியூர்ல பஸ் ஏறுனா, பவானிக் கூடுதுறை வர்றதுக்குள்ள ஒரு பொணம் விழுந்துரும். ஈரோட்டுல எறங்கறதுக்குள்ள விவேக் வந்து கொலைகாரனைப் பிடிச்சுருவாரு. டிக்கெட்டுக்குச் சரியா அளவெடுத்துத் தெச்ச கதை. இந்த வாட்டி பக்கத்து சீட்டுக்காரன் எட்டி எட்டி எங்கூடவே படிச்சுட்டு வந்தான். நான் பக்கத்தைத் திருப்பப் போனா, "சித்த இருங்க பெரியவரே, இன்னும் நாலு வரி இருக்குது"ங்கறான். மேட்டூர் ரோடு வந்தப்ப ரெண்டு பேருக்கும் தகராறு. அவன் மச்சினன்தான் கொலை பண்ணினான்ங்கறான், நான் மேனேஜருங்கறேன். கண்டக்டரும் சேர்ந்துக்கிட்டாரு. உன்ற பதினாலுல எதுக்காச்சும் கண்டக்டர் வந்து வாதாடினாரா?

ஆனா உன்ற பட்டியல்ல ராஜேஷ்குமார் இருக்காது. படிச்சிருப்பே. படிச்சதை மறைச்சிருப்பே. ஊருக்குத் தெரியற எடத்துல வெளிநாட்டு நாவலு, போர்வைக்குள்ள பாக்கெட் நாவலு. எதுக்குக் கண்ணு இந்தக் கள்ளத்தனம்? கம்மஞ்சோறு தின்னுப்போட்டு பிரியாணி ஏப்பம் விடோணுமா?

அடுத்தது பேரன் விட்டுட்டுப் போனது. பணக்காரத் தந்தை ஏழைத் தந்தையாம். ராபர்ட் கியோசாகின்னு ஒரு அமெரிக்காக்காரரு 1997ல எழுதினது. தமிழ்லயும் வந்துருச்சு. அதுல ஒரு கணக்கு சொல்றாரு. பாக்கெட்டுக்குள்ள காசு போடறது எதுவோ அது சொத்து. பாக்கெட்டுல இருந்து காசு எடுக்கறது எதுவோ அது கடன். அந்தக் கணக்குப்படி குடியிருக்கற ஊடே சொத்து இல்லையாம்! நான் சத்தம் போட்டுப் படிச்சுட்டிருந்தேன். என்ற ஊட்டுக்காரி அடுப்படியில இருந்து கேட்டா: "ஏனுங், அந்தக் கணக்குல நீங்க எதுல வருவீங்க?"

நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன்.

கடன் வாங்கிப் பவுசு காட்டாதேன்னு அந்த ஆள் சொல்றது நாயந்தான். அதையே எங்க அப்பாரு ஒத்தை வரியில சொல்லிப்போட்டு ஏர் ஓட்டப் போயிட்டாரு. இவரு அதை ஒரு புத்தகமா இழுத்துப் பணக்காரராயிட்டாரு. அதுலயும் ஒரு வேடிக்கை கேளு. அவரோட கம்பெனி ஒண்ணு கோர்ட்டுல தோத்து, கட்ட வேண்டிய பணத்துக்கு 2012ல திவால் மனு குடுத்துச்சு. அது எந்தத் தந்தை கணக்குல வரும்? பேரன்கிட்டக் கேட்டதுக்கு, "அதெல்லாம் ஒரு ஸ்ட்ராட்டஜி அப்புச்சி"ங்கறான். சரி சாமி. நாங்க அதுக்கு வேற பேரு வெச்சிருந்தோம்.

இப்ப நெசமான சண்டைக்கு வர்றேன். ஆர். சண்முகசுந்தரம் எழுதின நாகம்மாள். தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரரு. 1942ல வந்த நாவல். மெல்லீசான புத்தகம், ரெண்டு பொழுதோட வேளைக்கு ஆகும். நம்ம காடு, நம்ம கெணறு, நம்ம பேச்சு, நம்ம வயித்தெரிச்சல், எல்லாம் அதுல இருக்குது. புருசன் செத்துப்போன நாகம்மாள் கொழுந்தன் சின்னப்பன்கிட்டப் பங்கு கேக்கறா. பின்னால நின்னு கெட்டியப்பன்னு ஒருத்தன் தூண்டி விடறான். சாதாரணமா ஆரம்பிக்கற பேச்சு, போய் நிக்கறது கொலையில.

இந்தப் புத்தகத்துக்கு என்ற பேரன் மூணு நட்சத்திரம் போட்டிருக்கறான். ஏண்டான்னா, "வட்டார வழக்கு புரியலீங்க." கேட்டுக்க! அவங்க அம்முச்சி அடுப்படியில பேசற பேச்சு அவனுக்குப் புரியலை. பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதின்னு ஒண்ணு போட்டிருக்காரு, வாங்கிக்கடான்னேன். அம்முச்சிகூடப் பேசறதுக்கு அகராதி தேடற காலம் வந்துபோச்சு.

நான் கதையை ஊட்டுக்காரிகிட்டச் சொன்னேன். வருசா வருசம் சொல்றதுதான். வருசா வருசம் சண்டையும் வரும்.

"நாகம்மா கேட்டதுல என்னங்க தப்பு?"ன்னா.

"பங்கு கேட்டது தப்பில்லை புள்ளே. கெட்டியப்பன் பேச்சைக் கேட்டதுதான் தப்பு."

"ஊருல வேற எவன் அவ பேச்சைக் கேட்டான்?"

இதுக்கு என்ன பதில் இருக்குது, சொல்லு பார்க்கலாம். நீ காலேஜு படிச்சவன். பொட்டப் புள்ளைக்கும் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்ததே 1989ல. தேசம் பூரா வந்தது 2005ல. சண்முகசுந்தரம் 1942லயே ஒரு பொம்பளையை வரப்பு மேல நிறுத்தி "என்ற பங்கு எங்க?"ன்னு கேக்க வெச்சுட்டாரு. இன்னிக்கும் எந்த ஊர்ப் பத்திர ஆபீசு வாசல்லயாச்சும் சித்த நேரம் நின்னு பாரு. அண்ணன் தம்பியெல்லாம் வெள்ளை வேட்டியில நிப்பாங்க. தங்கச்சிக்குப் புதுசா ஒரு பட்டுச்சீலை. பட்டுச்சீலை எதுக்குன்னு நெனைக்கறே? விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடறதுக்கு. போட்டுட்டு, கண்ணைத் தொடைச்சுட்டு, அதே அண்ணன் வாங்கித் தர்ற காப்பியைக் குடிச்சுட்டுப் போவா. அவளுக்கு நாகம்மாளைப் படிக்கக் குடுத்தா என்னாகும்? அதனாலதான் நம்ம ஆளுக குடுக்கறதில்லை.

இதைச் சொன்ன அன்னிக்கு ராத்திரி எனக்கு ரசத்துல உப்பு இல்லை. என்ற ஊட்டுக்காரிக்கும் அண்ணன் ரெண்டு பேரு. நான் அதுக்கு மேல பேசலை.

பெருமாள்முருகன்னு சொன்னனல்லொ. அவரு பூனாச்சின்னு ஒரு ஆட்டுக்குட்டி கதை எழுதியிருக்காரு. ஊரு எதிர்ப்பால 2015ல எழுதறதையே விட்டுட்டேன்னு சொன்ன மனுசன். 2016ல சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புக்குப் பொறவு மறுபடி எழுத வந்தப்ப, நாவலுக்கு ஆட்டைப் பிடிச்சாரு. வெவரமான ஆளு. மனுசனைப் பத்தி எழுதினா ஊர்க்கூட்டம் போடுவான். வெள்ளாடு கேசு போடாதல்லொ? அதுல ஆட்டுக்குட்டி பொறந்தா அரசாங்கத்துல பதியோணும், காது குத்தோணும், வரிசையில நிக்கோணும், ஆபீசரு கேள்வி கேப்பாரு. வந்த புதுசுல படிச்சுப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். இப்ப என்ற கட்டுத்தாரையில நிக்கற மாடு எல்லாத்துக்கும் காதுல மஞ்ச வில்லை, 12 இலக்க நம்பரு. கதைக்காரங்க சொல்றதை அரசாங்கம் நெம்ப மெதுவாத்தான் படிக்குது. ஆனாப் படிச்சுப்போடுது.

அங்கிருந்து யூவல் நோவா ஹராரிகிட்டப் போனேன். ஜெருசலம் வாத்தியாரு. சேப்பியன்ஸ். தடிப் புத்தகம். மனுசன் கோதுமையைப் பழக்கலையாம், கோதுமைதான் மனுசனைப் பழக்கிப்போட்டுதாம். உலகமே வாயைப் பொளந்துச்சு. எங்க ஆத்தா வெடியால எந்திரிச்சு, சாணி வாரி, பால் கறந்து, தீவனம் வெச்சு, ஒரு கண்ணாலத்துக்குக்கூட ராத்தங்காம ஓடி வருவா. "மாட்டை நான் கட்டி வெச்சிருக்கறனா, மாடு என்னையக் கட்டி வெச்சிருக்குதா"ன்னு அவ பொலம்பாத நாளில்லை. அவளுக்கு இங்கிலீசு தெரியாததால காசு கெடைக்கலை. இந்தப் புத்தகத்தைப் பாதிதான் படிச்சேன். இன்னொரு பாதி அப்படியே இருக்குது. நீயா இருந்தா முழுசாக் கணக்குல ஏத்தியிருப்பே, ஏன் பொய் சொல்றே?

நடுவுல ஒரு கவிதைப் புத்தகம். பழக்கமான ஒரு தம்பி சொந்தக் காசுல போட்டுக் கையில திணிச்சது. பக்கத்துக்கு மூணு வரி, மிச்சம் பூரா வெள்ளை. அத்தனை எடத்தையும் சும்மா தரிசாப் போட மனசு வரலை. பால் கணக்கு எழுதிட்டு வர்றேன்.

சிரிச்சுப் பேசறதை இங்க சித்த நிறுத்திக்கறேன்.

சோளகர் தொட்டி. பவானி வக்கீல் ச. பாலமுருகன் எழுதினது, 2004ல வந்தது. எங்க ஊருல நின்னு வடக்க பார்த்தா பர்கூர் மலை தெரியும். அந்த மலைத் தொடர்ல இருக்கற சோளகர் சனம், வீரப்பனுக்கும் அதிரடிப்படைக்கும் நடுவுல சிக்கி என்ன பாடு பட்டுச்சுன்னு எழுதியிருக்காரு. தேசிய மனித உரிமை ஆணையம் போட்ட நீதிபதி சதாசிவா குழு விசாரிச்ச காலமெல்லாம் எங்களுக்கு நெனப்பிருக்குது. அந்தச் சனம் சந்தைக்குத் தேனும் கெழங்கும் கொண்டுக்கிட்டு வரும். வெலையைக் கொறைச்சுக் கேட்ட ஊரு இது. ராத்திரி மலையில என்ன நடக்குதுன்னு யாரும் கேட்டதில்லை. கேட்டா நம்மளையும் கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு பயம். பயந்தது நெசம், அதுல என்ன மறைக்கறதுக்கு இருக்குது?

பேரன் இதுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டு, "அருமை"ன்னு எழுதி, கைதட்டற படம் ஒண்ணு வெச்சு, அன்னிக்குச் சாயங்காலமே அடுத்த புத்தகத்துக்குத் தாவிட்டான். சுயமுன்னேற்றம், அதிகாலையில எந்திரிக்கறது எப்படின்னு. எனக்கு அந்தப் பதினாலுல இதுதான் பொறுக்கலை. அந்தப் பக்கங்களைப் படிச்சுப்போட்டு எப்படிறா உனக்கு அடுத்ததுக்குக் கை போச்சு? இது கொஞ்ச நாளைக்கு வேற எதையும் தொட விடாத புத்தகம். அப்படித் தொட விடாமப் பண்ணினா உன்ற மாசக் கணக்கு கொறையும். கொறையட்டுமே!

சரி, சந்தைக்குப் போலாம் வா. நோம்பியப்ப நான் கையில ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுக்கிட்டுப் போவேன். குல்சாரி. கிர்கிஸ் நாட்டுக்காரரு சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1966ல எழுதினது. அந்தக் காலத்துல மாஸ்கோவுலயே தமிழ்ல அச்சடிச்சு அனுப்புவாங்க. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்ல அற்பக் காசுக்குக் கெடைக்கும், கெட்டி அட்டை, நல்ல காகிதம். கச்சியெல்லாம் நமக்கு எதுக்கு, கதை நல்லா இருந்துச்சு. ஐத்மாத்தவ் கால்நடைப் படிப்பு படிச்ச ஆளு. அதனால அவரு கதையில குதிரை குதிரையா இருக்கும். உங்க எழுத்தாளருக கதையில மாடு வந்தா எந்நேரமும் மேயுது, இல்லைன்னா நாயகி சோகமா இருக்கறப்ப அம்மான்னு கத்துது. மாடு அப்பப்பச் சாணி போடும்ங்கறது அவிய யாருக்கும் தெரியறதில்லை.

புளியமரத்தடியில ஒரு குதிரை ஏவாரி. எங்கிருந்தோ வந்தவரு. வெயில் எறங்கற வரைக்கும் ஏவாரம் இல்லை. வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம், அந்தியூர் வெத்தலை. கையில என்னங்கன்னாரு. குதிரைக் கதைன்னேன். சொல்லுங்கன்னாரு.

சொன்னேன். தானாபாய்னு ஒரு கெழவன். மகன் ஊட்டுக்குப் போய்ட்டுத் திரும்பி வர்றான். வண்டியில பூட்டியிருக்கறது ஒரு கெழட்டுக் குதிரை. ராத்திரி, குளிரு, மேட்டுல ஏற மாட்டாம நின்னுபோச்சு. அது ஒரு காலத்துல அந்தச் சீமையிலயே பெரிய ஓட்டக்குதிரை. ஒரு பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் ஒட்டுக்கா எடுத்து வெச்சு ஓடற சாதி, ஏறி உக்காந்தவனுக்கு அலுங்காது. ஏவாரி நிமிந்து உக்காந்தாரு. "அது நடைக்குதிரைங்க, அந்த மாதிரி ஒண்ணு எங்க ஐயன்கிட்ட இருந்துச்சு"ன்னாரு. மேல சொன்னேன். கூட்டுப்பண்ணைக்குப் புதுசா ஒரு தலைவரு வர்றாரு. குதிரை எனக்கு வேணும்ங்கறாரு. பிடிச்சுக் குடுத்தா அது பழைய எடத்துக்கே ஓடிப்போகுது. கட்டினா அறுத்துக்கிட்டுப் போகுது. கடைசியில காயடிக்கச் சொல்லிப்போட்டாங்க.

ஏவாரி வெத்தலையைத் துப்பிப்போட்டாரு. "ஏனுங்க காயடிச்சாங்க?"

தலைவரு உக்கார்றதுக்குச் சாதுவா வேணுமாம்.

"உக்கார்றவனுக்கு நாற்காலி போதுமே. குதிரை எதுக்கு?"

எத்தனையோ திறனாய்வு படிச்சிருக்கறேன் கண்ணு. அந்த நாவலைப் பத்தி இதை விடச் சரியா ஒருத்தரும் சொன்னதில்லை.

அப்புறம் தானாபாயை ஆடு மேய்க்க மலைக்கு அனுப்பறாங்க. ஆடு குட்டி போடற காலம். கொட்டாயிக்குக் கூரை சரியில்லை, வைக்கோல் இல்லை, மழை ஊத்துது, குட்டியெல்லாம் சேத்துல விழுந்து சாகுது. அந்த நேரத்துல ஒரு அதிகாரி வந்து, ஏன் கணக்குல கொறையுதுன்னு கேக்கறான். கெழவன் கவைக்கோலைத் தூக்கிட்டான். கச்சியை விட்டே நீக்கிட்டாங்க. ஏவாரிக்கு இந்த எடத்துல என்மேல கோவம் வந்துருச்சு. "குத்தினானா இல்லையா, அதைச் சொல்லுங்க"ங்கறாரு. குத்தலைன்னேன். "குத்தியிருக்கோணும்"னாரு. குத்தினா ஜெயிலுக்குப் போயிருப்பானேன்னேன். "குட்டி செத்தது செத்ததுதானுங்களே"ங்கறாரு. அப்புறம் தானாபாய் மேலயும் ஒரு கொறை சொன்னாரு. அத்தனை வயசான குதிரையை வண்டியில பூட்டினதே தப்பாம். அவனும் தலைவருக்கு எளைச்சவன் இல்லையாம். நான் தானாபாய்க்காக வாதாடறேன், அவரு குதிரைக்காக வாதாடறாரு. சுத்தி நாலு பேரு கூடிட்டாங்க. வெலை பேசறோம்னு நெனைச்சு ஒருத்தன் தரகுக்கு வந்து நின்னான்.

அந்த ஏவாரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரு அந்த மாசம் ஒரு புத்தகம் படிச்சாருன்னு நான் எந்தக் கோர்ட்டுலயும் சத்தியம் பண்ணுவேன். உன்ற பதினாலுக்கு அப்படி ஒரு சாட்சி கொண்டா பார்க்கலாம்.

பேரன் அடுத்த மாசத்துக்கு வெண்முரசு எடுத்திருக்கறானாம். ஜெயமோகன் எழுதினது, மகாபாரதம், 26 நாவலு. மனுசன் 2014ல ஆரம்பிச்சு 2020 வரைக்கும் நாள் தவறாம எழுதினாரு. இவன் ஆறு மாசத்துல முடிச்சுப் பட்டியல் போடறேன்ங்கறான். பாரதப் போரே பதினெட்டு நாள்தான் நடந்துச்சு, நீ அதை விடச் சீக்கிரம் முடிச்சுரு போன்னேன். 2022ல படம் வந்தப்ப பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் வாங்கிக் கண்ணாடி அலமாரியில வெச்சானே, அதைக் கேட்டேன். "ரெண்டாம் பாகத்துல இருக்கறேன் அப்புச்சி." வந்தியத்தேவன் இன்னும் கடல்ல மெதக்கறான், பாவம். கல்கி அதை 1950ல இருந்து 1954 வரைக்கும் வாரா வாரம் எழுதினாரு. ஒரு அத்தியாயத்தைப் படிச்சுப்போட்டு அடுத்த வாரம் வரைக்கும் ஊரே பேசிட்டுக் கெடக்கும். ஒரு பத்திரிகையை ஏழு ஊடு படிக்கும். நந்தினி நல்லவளா கெட்டவளான்னு ஊட்டுக்கு ஊடு தனித்தனிக் கச்சி. உங்களுக்கு அஞ்சு பாகமும் ஒட்டுக்காக் கெடைச்சுது. பேசறதுக்குத்தான் ஆளு கெடைக்கலை.

ஆளு எங்க கெடைக்கும்னு கேக்கறயா? கிளை நூலகத்துக்குப் போ. ஊட்டு வரி ரசீதை எடுத்துப் பாரு. வரியில ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரின்னு உங்கப்பன்கிட்ட வாங்கறான். 1948லயே போட்ட சட்டம். நாடு விடுதலையான பொறவு வந்த மொத நூலகச் சட்டம் நம்மளுது. காசு கட்டறே, சாமானை எடுக்க மாட்டேங்கறயே? சீர்காழிக்காரரு எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதி வெச்சாரு. புத்தகம் பயன்படுத்தறதுக்குங்கறதுதான் மொத விதி. காப்பி டம்ளருக்குப் பக்கத்துல வெச்சுப் போட்டோ புடிக்கறதுக்குங்கற ஆறாவது விதி உங்க செட்டு சேர்த்தது.

நூலகப் புத்தகத்துல இன்னொரு ருசி இருக்குது. உனக்கு முந்திப் படிச்சவன் உள்ளயே உக்காந்திருப்பான். ஒருத்தன் அடிக்கோடு போட்டிருப்பான். அடுத்தவன் அதுக்குப் பக்கத்துல "இது முக்கியமே இல்லை"ன்னு எழுதியிருப்பான். ஒரு துப்பறியும் நாவலைப் பிரிச்சா, பன்னெண்டாம் பக்கத்துலயே பென்சில்ல "கொலையாளி டாக்டர்தான்"னு எழுதி வெச்சிருக்கறான் ஒரு தெள்ளவாரி. மூச்சு முட்டக் கோவம் வந்துச்சு. இருந்தாலும் விடாமப் படிச்சேன். கடைசியில பார்த்தா டாக்டர் இல்லை! அந்த எழுத்தாளரு ஒரு தடவை ஏமாத்தினாரு, இந்தப் பென்சிலுக்காரன் ஒரு தடவை ஏமாத்தினான். ஒத்தைப் புத்தகத்துல ரெண்டு கதை.

ஈரோட்டுத் திருவிழா இன்னும் முடியலை, நீ எப்படியும் போவே. போனா எனக்கு தேவிபாரதியோட நீர்வழிப் படூஉம் ஒண்ணு வாங்கிட்டு வா. 2023ல சாகித்திய அகாதமி குடுத்தாங்களே, அது. நம்ம பக்கத்து மனுசரு. ஊருக்கெல்லாம் முடி வெட்டற குடிநாவிதர் சனத்தோட பொழப்பைப் பத்தி எழுதினது. என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. நான் சவரம் பண்ணிக்கற கடைக்காரத் தம்பி படிக்கறேன்னு வாங்கிட்டுப் போனாரு. மாசம் பல ஆச்சு, திரும்பி வரலை. போன வாரம் நாற்காலியில உக்காந்து, தாடைக்குக் கீழ கத்தி வெச்சிருக்கறப்பக் கேட்டேன், புத்தகம் என்னாச்சுங்கன்னு. "படிச்சுட்டேனுங்க. மறுபடியும் படிச்சுட்டிருக்கறேன். அதுல நீங்க எந்தப் பக்கத்துல வர்றீங்கன்னு தேடறேன்"னாரு.

தொண்டையில கத்தி இருக்கறப்ப வாதாடக் கூடாது தம்பி. அதனால எனக்கு வேற ஒண்ணு வேணும். அவரு தேடி முடிக்கறதுக்குள்ள நானும் தேடிப் பார்த்துக்கறேன்.

காசா? குடியிருக்கற ஊடே சொத்து இல்லைன்னு படிச்சவங்க நீங்க. இந்தக் கெழவன் மட்டும் என்ன சொத்தா, உன்ற பாக்கெட்டுக்குள்ள காசு போடறதுக்கு? உன்ற கணக்குலயே எழுதிக்க.